தேதி உள்ள காயமும் தேதி இல்லாத காயமும்: ஸ்விண்டால், பாலாஜி

பேஸ்பாலில் ஓர் அறுவை சிகிச்சைக்கு ஆட்டக்காரரின் பெயரே நிலைத்துவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கைப் பந்தெறியாளர் டாமி ஜானுக்கு 1974 ஜூலையில் முழங்கைத் தசைநார் அறுந்தது. செப்டம்பர் 25 அன்று மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலக்கையிலிருந்து ஒரு நாணை எடுத்து இடது முழங்கையில் பொருத்தினார். 1975 முழுக்க ஆடாமல் இருந்த ஜான் 1976இல் திரும்பினார், 1989 வரை எறிந்தார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அறுவைக்குப் பின் வந்தவை. ஒரு காயம் வாழ்க்கையை இரண்டாகப் பிளந்து, பின்பாதியை முன்பாதியைவிடப் பெரிதாக்கிய அபூர்வக் கதை அது.

பேஸ்பால் நமக்கும் நார்வேக்கும் தூரத்து ஆட்டம். ஆனால் காயம் எழுதிய வாழ்க்கைகள் இரண்டு பக்கமும் உண்டு. ஒஸ்லோவை ஒட்டிய லோரன்ஸ்கூக்கில் 1982 டிசம்பர் 26 அன்று பிறந்த பனிச்சறுக்கு வீரர் ஆக்செல் லுண்ட் ஸ்விண்டாலையும், சென்னையில் 1981 செப்டம்பர் 27 அன்று பிறந்த வேகப்பந்து வீச்சாளர் லட்சுமிபதி பாலாஜியையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். ஏறத்தாழ ஒரே வயது. இருவரும் இருபதுகளின் நடுவில், ஏறுமுகத்தில் இருந்தபோது காயப்பட்டவர்கள். இருவரும் திரும்பி வந்தவர்கள். ஆனாலும் ஒருவர் ஒலிம்பிக் தங்கம் வரை போனார். மற்றவர் 8 டெஸ்டுகளோடு நின்றார். இந்த வேறுபாட்டைத் திறமை, மனவுறுதி என்று சொல்லிக் கடந்துவிடலாம். நான் அப்படிக் கருதவில்லை. காயத்தின் வகையும், அந்தக் காயத்தை அந்த விளையாட்டு எப்படிக் கணக்கில் கொள்கிறது என்பதும்தான் பெரும்பகுதியைத் தீர்மானித்தன.

இரண்டு உடல்கள், இரண்டு வேலைகள்

டவுன்ஹில் பந்தயம் என்பது இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துபோகும் வேலை. ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூல் நகரத்து ஸ்ட்ரைஃப் தடம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் வீரர்கள் மணிக்கு 130, 140 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவார்கள். தடம் முழுக்கப் பனி என்று சொல்வதைவிட ஐஸ் என்று சொல்வதே பொருத்தம். ஒரு பருவத்தில் இப்படி ஓடும் டவுன்ஹில் பந்தயங்கள் பத்துச் சொச்சம்தான். ஆபத்து முழுவதும் அந்தச் சில நிமிடங்களில் திரண்டு கிடக்கிறது.

வேகப்பந்து வீச்சில் ஆபத்து சொட்டுச் சொட்டாக வருகிறது. டெஸ்டில் ஒரு நாளில் 20 ஓவர் போட்டால் 120 பந்துகள். ஒவ்வொரு பந்துக்கும் முன்கால் தரையில் ஊன்றும் கணத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை கணுக்கால், முழங்கால், இடுப்பு வழியாக முதுகெலும்புக்கு ஏறுகிறது. அதே கணத்தில் இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் முறுக்கிக்கொண்டிருக்கும், உடல் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். வலக்கை வீச்சாளர் என்றால் முதுகின் அடிப்பகுதியில் இடப்பக்கத்து எலும்பு வளைவில் இந்தச் சுமை திரும்பத் திரும்ப விழுகிறது. எலும்பு தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் வேகத்தைவிடச் சேதம் வேகமாகச் சேர்ந்தால் மயிரிழை போல ஒரு கீறல் தோன்றும். அதுதான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். பேஸ்பால் பந்தெறியாளரின் முழங்கையிலும் இதே கணக்குத்தான் நடக்கிறது. இடம் மட்டும் வேறு.

ஆக, ஸ்விண்டாலின் உடல் விபத்துக்கு அஞ்சும் உடல், பாலாஜியின் உடல் தேய்மானத்துக்கு அஞ்சும் உடல். விபத்துக்குத் தேதி இருக்கும், இடம் இருக்கும், வீடியோ இருக்கும். தேய்மானத்துக்கு எதுவும் இருக்காது. என்று தொடங்கியது என்று வீச்சாளருக்கே தெரியாது.

ஸ்விண்டால்: நாள் குறித்து வந்த காயங்கள்

2007 பிப்ரவரியில் ஸ்வீடனின் ஓரே நகரத்து உலக சாம்பியன் போட்டியில் டவுன்ஹில், ஜயன்ட் ஸ்லாலம் இரண்டிலும் தங்கம். அதே பருவத்தில் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டம். அந்த நவம்பரில் அமெரிக்காவின் பீவர் க்ரீக்கில் பயிற்சி ஓட்டத்தின்போது ஒரு தாவலில் நிலைகுலைந்து விழுந்தார். முக எலும்புகள் உடைந்தன. சறுக்குப் பலகையின் விளிம்பு தொடைக்கும் அடிவயிற்றுக்கும் இடையே ஆழமாகக் கிழித்திருந்தது. பருவம் முடிந்தது.

அடுத்த ஆண்டு, 2008 டிசம்பரில், அதே மலையில் அதே தடத்தில் டவுன்ஹில்லையும் சூப்பர்-ஜி பந்தயத்தையும் அடுத்தடுத்த நாட்களில் வென்றார். அந்தப் பருவத்தின் ஒட்டுமொத்தப் பட்டத்தை ஆஸ்திரியாவின் பெஞ்சமின் ரைஷை விட வெறும் 2 புள்ளி அதிகம் எடுத்துக் கைப்பற்றினார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என மூன்று நிறமும் வந்தன.

2014 அக்டோபரில் பருவம் தொடங்கவிருந்த நேரத்தில் பந்து தட்டி விளையாடிக்கொண்டிருந்தபோது இடது குதிகால் நாண் அறுந்தது. நான்கு மாதங்களில் திரும்பி, உலக சாம்பியன் போட்டியில் டவுன்ஹில், சூப்பர்-ஜி ஆகிய இரண்டு வேகப் பந்தயங்களிலும் ஆறாம் இடம் பிடித்தார். 2016 ஜனவரி 22 அன்று கிட்ஸ்பூலில் சூப்பர்-ஜி வென்றார். மறுநாள் அதே ஊரில் டவுன்ஹில்லில் விழுந்து வலது முழங்காலின் ஏ.சி.எல். தசைநாரும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பும் கிழிந்தன. அப்போது உலகக் கோப்பைப் பட்டியலில் அவர் முன்னணியில் இருந்தார். அந்த டிசம்பரில் திரும்பி மேடையேறினார். 2017 ஜனவரியில் அதே முழங்காலுக்காக மீண்டும் பருவத்தைக் கைவிட்டார்.

2018 பிப்ரவரி 15 அன்று, 35 வயதில், பியாங்சாங் ஒலிம்பிக்கில் டவுன்ஹில் தங்கம். சக நாட்டவர் செத்தில் யான்ஸ்ரூடை 0.12 விநாடியில் முந்தினார். ஒலிம்பிக் டவுன்ஹில்லில் நார்வேக்கு அதுவே முதல் தங்கம். 2019 பிப்ரவரியில், முதல் உலகப் பட்டங்கள் வந்த அதே ஓரேயில், யான்ஸ்ரூடிடம் 0.02 விநாடியில் தோற்று வெள்ளியோடு விடைபெற்றார். மொத்தம் 36 உலகக் கோப்பை வெற்றிகள்.

பாலாஜி: எப்போது வந்தது என்று தெரியாத காயம்

2002இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் அறிமுகம், 2003 அக்டோபரில் அகமதாபாத்தில் முதல் டெஸ்ட். 2004இல் பாகிஸ்தான் சுற்றுப்பயணம். அந்த ஊர் ரசிகர்களே அவருடைய சிரிப்புக்கும், ஷோயப் அக்தரை அவர் அடித்த அடிக்கும் மயங்கிய பயணம் அது. ராவல்பிண்டி டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் 63 ரன்னுக்கு 4, இரண்டாவதில் 3 என ஏழு விக்கெட். பாகிஸ்தான் மண்ணில் இந்தியா முதன்முதலாக ஒரு டெஸ்ட் தொடரை வென்றது. அடுத்த ஆண்டு மார்ச்சில் மொஹாலியில் அதே பாகிஸ்தானுக்கு எதிராக 5 விக்கெட், 4 விக்கெட். ஒரே டெஸ்டில் ஒன்பது.

அந்தத் தொடரோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. 8 டெஸ்ட், 27 விக்கெட். வயது 23.

எந்தப் பந்தில் அவர் முதுகு முறிந்தது என்று யாரும் சுட்டிக் காட்ட முடியாது. மொஹாலியின் ஒன்பது விக்கெட்டுக்கும் முதுகின் கீறலுக்கும் இடையே நேர்க்கோடு போடவும் முடியாது. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்ற தீர்ப்பு வந்தபின், பந்துவீசும் முறையையே பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. சிறுவயதிலிருந்து உடலில் ஊறிய அசைவை இருபதுகளின் நடுவில் மாற்றுவது எளிதல்ல. வேகம் குறையும், பந்து போகும் கோணம் மாறும், பழைய ஸ்விங் வராமல் போகலாம். பாலாஜி வேறு வீச்சாளராகத்தான் திரும்பினார். சற்று வேகம் குறைந்தவர், மெதுவான பந்துகளையும் யார்க்கர்களையும் கலந்து போடும் புத்திசாலி.

2008 மே 10 அன்று சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸுக்காக பஞ்சாபுக்கு எதிராக அவர் எடுத்ததே ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக். 24 ரன்னுக்கு 5 விக்கெட். 2009இல் இலங்கையில் ஓர் ஒருநாள் ஆட்டம், பிறகு நியூசிலாந்துப் பயணத்துக்கான டெஸ்ட் அணியில் இடம். ஆனால் ஆடும் பதினொருவரில் பெயர் வரவில்லை. 2012 டி20 உலகக் கோப்பையில் நான்கு ஆட்டங்களில் 9 விக்கெட். அக்டோபர் 2 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான கடைசி ஓவரை அவர் போட, இந்தியா ஒரு ரன்னில் வென்றது. வென்றும் அரையிறுதிக்குப் போகவில்லை. பாலாஜியின் கடைசிச் சர்வதேச ஆட்டமும் அதுவே. முதல்தரக் கிரிக்கெட்டில் 106 ஆட்டங்கள், 330 விக்கெட்டுகள். தமிழ்நாட்டின் தலைவராக 2011-12 பருவத்தில் ரஞ்சி இறுதி வரை அணியைக் கொண்டு சென்றார். 2016இல் முதல்தர ஆட்டத்திலிருந்து விலகினார்.

அவருடைய காயம் வேறொருவருக்கு வாழ்க்கை கொடுத்த கதையும் உண்டு. 2012 மே 27, ஐ.பி.எல். இறுதி ஆட்டம், அதே சேப்பாக்கம். கொல்கத்தா அணியின் பாலாஜிக்குத் தொடைத்தசைக் காயம். பிரெட் லீ உள்ளே வந்தார். அதனால் வெளிநாட்டு வீரர் கணக்கு இடித்து மெக்கல்லம் வெளியே போனார். அந்த இடத்தில் ஆடிய மன்விந்தர் பிஸ்லா 48 பந்தில் 89 அடித்தார். கோப்பை கொல்கத்தாவுக்குப் போனது.

யாருடைய இடம் காத்திருந்தது?

இரண்டு வரலாறுகளையும் அடுத்தடுத்துப் படித்தால் முதலில் தெரிவது காயங்களின் எண்ணிக்கை அல்ல. எண்ணிக்கையில் ஸ்விண்டாலே அதிகம் பட்டவர். திரும்பி வந்தபோது இருவருக்கும் என்ன காத்திருந்தது என்பதே முக்கியம்.

பனிச்சறுக்கில் கடிகாரம்தான் தேர்வுக்குழு. சர்வதேசச் சறுக்குக் கூட்டமைப்பின் விதிகளில் காயமடைந்தவரின் தரவரிசைப் புள்ளிகளைக் காக்கும் ஏற்பாடும் உண்டு. குணமாகி வந்தவர் மலையேறி, கீழே இறங்கி, நேரத்தைக் காட்டினால் போதும். ஸ்விண்டால் 2008இல் பீவர் க்ரீக்கில் செய்தது அதைத்தான்.

கிரிக்கெட்டில் அந்த இடத்தை வேறொருவர் நிரப்பிவிடுவார். பாலாஜி ஒதுங்கியிருந்த காலத்தில் ஆர்.பி. சிங், ஸ்ரீசாந்த், முனாஃப் படேல், இஷாந்த் சர்மா எனப் புதிய வீச்சாளர்கள் வரிசையாக அணிக்குள் வந்தார்கள். அவர்களில் யாரையும் குறை சொல்ல முடியாது. நூறு கோடிப் பேர் கொண்ட நாட்டில் ஒரு வீச்சாளரின் முதுகுக்காக அணி நிற்காது. திரும்பி வந்தவர் தன் பழைய தரத்தோடும், புதிதாக வந்தவர்களின் இளமையோடும் சேர்த்தே போட்டியிட வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் இதோடு சேர்கிறது. கிழிந்த தசைநாரைத் தைக்கலாம், உடைந்த எலும்பைப் பொருத்தலாம். மூலகாரணம் ஒரு விபத்து என்பதால் குணமானபின் பழைய முறையிலேயே சறுக்கலாம். தேய்மானக் காயத்தில் மூலகாரணமே ஆட்டக்காரரின் தொழில்நுட்பம். பழைய முறைக்குத் திரும்பினால் பழைய காயமும் திரும்பும். ஸ்விண்டால் குணமாகி ஸ்விண்டாலாகவே வந்தார். பாலாஜி குணமாக வேண்டுமென்றால் பழைய பாலாஜியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது.

இதற்கு மறுப்பாக ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியைச் சொல்லலாம். 1973இல் மேற்கிந்தியத் தீவுகளில் முதுகெலும்பு முறிந்து, முறையை மாற்றி, 1974-75 ஆஷஸ் தொடரில் திரும்பி, 355 டெஸ்ட் விக்கெட்டுகள் வரை போனவர். அந்த லில்லிதான் 1987 முதல் சென்னையின் எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷனில் நம் வீச்சாளர்களுக்கு முறை சொல்லிக்கொடுத்தார். முதுகைப் பற்றிய அறிவு சென்னைக்கு வராமல் இல்லை. ஆனால் லில்லி ஒருவர். அவர் காலத்து ஆஸ்திரேலியா ஆண்டு முழுவதும் ஆடவும் இல்லை.

ஒஸ்லோ என்ன கணக்கு வைத்தது?

ஒப்பீட்டில் ஒஸ்லோவுக்கு உண்மையான வேலை இங்கேதான் வருகிறது. அந்நகரின் விளையாட்டு அறிவியல் கல்லூரியில் 2000ஆம் ஆண்டு ருவால் பார், லார்ஸ் எங்கெப்ரெட்சன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு விளையாட்டுக் காய ஆய்வு மையத்தைத் தொடங்கினார்கள். நார்வேயின் முன்னணி வீரர்களுக்கான ஒலிம்பியாடோப்பன் மையமும் பக்கத்தில், சோங்ஸ்வான் ஏரிப் பகுதியில்தான் இருக்கிறது.

2006இல் சறுக்குக் கூட்டமைப்போடு சேர்ந்து உலகக் கோப்பை வீரர்களின் காயங்களை அவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். முதல் இரண்டு பருவங்களில் மலைச்சரிவுப் பந்தய வீரர்கள் நூறு பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 37 காயங்கள் என்று தெரியவந்தது. ஸ்விண்டால் பீவர் க்ரீக்கில் விழுந்த பருவமும் இந்தக் கணக்கில் அடங்கும். பிறகு ஏ.சி.எல். அறுந்த 20 சம்பவங்களின் வீடியோக்களைக் கணம் கணமாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாதிச் சம்பவங்களில் ஒரே வடிவம் கிடைத்தது. வளைவில் வெளிக்கால் பிடி நழுவுகிறது, வீரர் காலை நீட்டித் தேடுகிறார், பலகையின் உள்விளிம்பு திடீரென்று பனியைக் கவ்வி முழங்காலை முறுக்குகிறது. விழுந்தபின் அடிபடுவதில்லை, விழுவதற்கு முன்பே தசைநார் போய்விடுகிறது. பலகையின் வளைவு அளவு வரை விதி மாறுவதற்கு இத்தகைய ஆய்வுகள் வழிவகுத்தன.

இதுவரை தேதி உள்ள காயங்களின் கணக்கு. ருவால் பார் 2009இல் அதற்கும் அப்பால் ஒரு கேள்வி கேட்டார். ஆட்டத்தையோ பயிற்சியையோ தவறவிட்டால் மட்டுமே காயம் என்று பதிவு செய்தால், வலியோடு ஆடிக்கொண்டே இருப்பவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? தேய்மானத்தின் இயல்பே அதுதான். ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் மாதக்கணக்கில் வலியோடு ஆடுவார்கள், பதிவேட்டில் அவர்கள் நலமாக இருப்பார்கள். 2013இல் பென் கிளார்சன் முதலிய அம்மையத்து ஆய்வாளர்கள் நான்கு கேள்விகள் கொண்ட ஒரு வாராந்தரப் படிவத்தை வெளியிட்டனர். இந்த வாரம் முழுமையாகப் பங்கேற்றீர்களா? பயிற்சியைக் குறைத்தீர்களா? ஆட்டத்தின் தரம் பாதிக்கப்பட்டதா? எவ்வளவு வலி? அவ்வளவுதான். இதற்கு ஸ்கேன் இயந்திரமும் வேண்டாம், பெரிய மருத்துவமனையும் வேண்டாம்.

பந்தெறியும் தோளுக்கும் இது பொருந்தும் என்று நார்வேயின் ஹேண்ட்பால் காட்டியது. மேல்மட்ட அணிகளின் 660 ஆட்டக்காரர்களிடம் சோதித்தபோது, பயிற்சிக்கு முன் உடலைச் சூடேற்றும் நேரத்தில் தோளுக்கான சில எளிய பயிற்சிகளைச் சேர்த்தவர்களுக்குத் தோள் தொல்லை வரும் வாய்ப்பு 28 சதவீதம் குறைந்தது. பேஸ்பால் பந்தெறியாளருக்கு நார்வேயில் மிக நெருங்கிய உறவு இந்த ஹேண்ட்பால் ஆட்டக்காரர்தான்.

அமெரிக்கர்களும் தாமதமாக எண்ணத் தொடங்கினார்கள். 2014இல் மேஜர் லீக் பேஸ்பாலும் அமெரிக்க பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து சிறுவர்களுக்கான எறி வரம்பை வெளியிட்டன. 11, 12 வயதில் ஒரு நாளைக்கு 85 எறிகள், 13, 14 வயதில் 95. அதைத் தொட்டால் எத்தனை நாள் ஓய்வு என்பதும் அதிலேயே உண்டு.

ஒப்பீட்டின் எல்லை

பதக்கங்களை வைத்து இந்த இருவரையும் அளப்பது நியாயமாகாது. ஸ்விண்டால் தன் ஆட்டத்தின் வரலாற்றில் முன்வரிசையில் நிற்பவர். பாலாஜி நல்ல தொடக்கம் கண்ட, முழுமை பெறாத டெஸ்ட் வீச்சாளர். முதுகு நலமாக இருந்திருந்தாலும் அவர் ஜாகீர் கான் அளவுக்குப் போயிருப்பாரா என்பது ஊகம். நார்வே ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் செல்வந்த நாடு. அங்கே ஒரு சாம்பியனைக் காப்பது ஏறத்தாழ அரசின் கடமை. எல்லாவற்றையும் மருத்துவத்தால் மீட்கவும் அவர்களால் முடியவில்லை. ஸ்விண்டாலின் முழங்கால் அவரை 2019க்கு மேல் ஓடவிடவில்லை.

ஆனால் நிலைமை பாலாஜியோடு நின்றுவிடவில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்து 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான வேகப்பந்து வீச்சாளர் நடராஜனுக்கு 2021 ஏப்ரலில் முழங்கால் அறுவை நடந்தது. அதன்பின் அவருக்கு டெஸ்ட் வாய்ப்பே வரவில்லை. பும்ராவுக்கு 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் முதுகு அறுவை நடந்தது. அவர் திரும்பி வந்து உலகின் முதலிடத்து வீச்சாளராக நின்றார். அவருக்காக அணி காத்திருந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

என் முடிவு இது. ஸ்விண்டாலின் விளையாட்டு அவருடைய காயங்களைப் பார்த்தது, எண்ணியது, அவர் இடத்தையும் ஓரளவு காத்தது. பாலாஜியின் விளையாட்டு அவருடைய முதுகை, அது முறிந்த பிறகே பார்த்தது. இந்திய அணியின் மட்டத்தில் இன்று நிலை எவ்வளவோ மாறிவிட்டது. பந்துகளை எண்ணுகிறார்கள், ஓய்வு கொடுக்கிறார்கள். மாறாத இடம் கீழே இருக்கிறது. காலையில் பள்ளி அணிக்கும், மாலையில் கிளப் வலைப்பயிற்சிக்கும், ஞாயிறன்று டென்னிஸ் பந்துப் போட்டிக்கும் வீசும் பதினைந்து வயதுப் பையனின் பந்துகளை மொத்தமாக எண்ணுபவர் யாரும் இல்லை. முதுகு முறியும் ஆபத்து எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் அந்த வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டுக் கிரிக்கெட் சங்கத்துக்கும், பள்ளிப் பயிற்சியாளர்களுக்கும், பிள்ளையை வலைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இன்று எத்தனை பந்து, எங்கே வலி, அந்த வலி நேற்றும் இருந்ததா என்று வாரந்தோறும் எழுதுங்கள். வலி இரண்டு வாரம் தொடர்ந்தால் அடுத்த போட்டியில் அந்தப் பையனை உட்கார வையுங்கள்.